வாடகை வீட்டுப் படங்கள்: ஜன்னல் வெள்ளையாகப் போகிறது, அறை இருட்டாகத் தெரிகிறது

புதுவாசல்:
இரண்டு படுக்கையறை வீடு, நாள் வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். நேரில் பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, படத்தில்தான் சொதப்புகிறது. ஜன்னல் பக்கம் பார்த்து எடுத்தால் ஜன்னல் மொத்தமும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் இருட்டு. போனில் உள்ள 0.5 என்ற அகல லென்ஸில் எடுத்தால் அறை மண்டபம் மாதிரி விரிகிறது, ஆனால் ஓரத்தில் இருக்கும் கட்டிலை யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருக்கிறது. சுவரெல்லாம் வேறு சாய்கிறது. என்னிடம் இருப்பது போனும் ஒரு சின்ன ட்ரைபாடும்தான். ஆள் வைத்து எடுக்க வேண்டுமா, இல்லை இதை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா?

மூலைநாற்காலி:
போன் தாராளமாகப் போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை, விரல் பட்டுப் பிசுக்கு ஏறிய லென்ஸில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் படம் முழுக்கப் புகை மூடினாற்போல் ஆகிவிடும்.

ஜன்னல் விஷயம்: ஜன்னலுக்கு நேரே நிற்காமல் அது உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி நின்று எடுத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வெயில் நேராக உள்ளே விழும் நேரம் வேண்டாம். லேசாக மேகம் போட்ட பகல்தான் அருமையான நேரம், வெளிச்சம் சீராக இருக்கும், வெளியே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் வித்தியாசம் குறையும். ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சியும் வேண்டுமென்றால் எச்டிஆர் போட்டுக்கொள்ளுங்கள், அது வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது என்பதால் போன் அசையக் கூடாது, ட்ரைபாடும் 3 விநாடி டைமரும் அதற்குத்தான். திரையில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் இறக்கியே எடுங்கள். இருட்டான இடத்தை அப்புறம் ஓரளவு தூக்கிவிடலாம், சுத்தமாக வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது.

சுவர் சாய்வதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, நீங்கள் போனைப் பிடிக்கிற விதம். கண் உயரத்தில் பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகளெல்லாம் கீழே போய்க் குவியும். போனை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில், தரையிலிருந்து 1.2 மீட்டர் வாக்கில் வைத்து, சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். கேமரா திரையில் வரும் கட்டக் கோடுகளை ஆன் செய்து, கதவு நிலையை ஒரு கோட்டோடு ஒட்டிப் பாருங்கள், இரண்டும் இணையாக இருந்தால் சரி. சமையலறையில் மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் மேடையின் மேற்பரப்பு சரியாகத் தெரியாது, அதன் விளிம்புதான் எடுப்பாகத் தெரியும்.

பெட்டிதூக்கி:
நான் வீடு விடுகிறவன் இல்லை, தங்கப் போகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை: 0.5 லென்ஸை விட்டுவிடுங்கள். படத்தில் மண்டபம், நேரில் போனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடமில்லை, இப்படி மாட்டிக்கொண்டவன் கருத்துப் பகுதியில் என்ன எழுதுவான் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும், முடிந்தால் வாசலுக்கு வெளியேயும் பின்னால் போய் எடுங்கள். அதிலும் அடங்காத குளியலறை மாதிரி இடத்துக்கு மட்டும் அகல லென்ஸ் சரி, அப்போதும் வாளி, கண்ணாடி, கடிகாரம் மாதிரி வட்டமான எதுவும் ஓரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடனே நீள்வட்டமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஒரே கட்டிலை நாலு கோணத்தில் போடுவதை யாராவது நிறுத்துங்களேன். பூச்சாடி, காப்பிக் கோப்பை, தலையணை ஓரத் தையல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் தேடுவது குளியலறை முழுசாக, மாடிப்படி எவ்வளவு செங்குத்து, வண்டி எங்கே நிற்கும், வாசல் எப்படி இருக்கும், இவைதான். முழங்கால் வலியோடு வருகிறவருக்குப் படிக்கட்டுப் படம்தான் முக்கியமான படம்.

தாழ்ப்பாள்:
மேலே சொன்னது எல்லாம் சரி. படம் எடுக்கும் முன் அறையில் என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல் எழுதிய சீட்டு, குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய ரசீது, கண்ணாடியில் நீங்கள். மேசைமேல் சாவிக்கொத்தை அழகுக்கு வைத்து எடுப்பார்கள், அதைச் செய்யவே கூடாது. 2008-ல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவியின் படத்தை மட்டும் வைத்து அதன் வெட்டுகளைக் கணக்கிட்டு மாற்றுச் சாவி செய்ய முடியும் என்று காட்டினார்கள், ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்திலேயே. போன் படத்துக்குள் இருப்பிடத் தகவலும் பதிவாகியிருக்கலாம். படத்தை நேரடியாக யாருக்காவது அனுப்புவதென்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

புதுவாசல்:
எல்லோருக்கும் நன்றி. பக்கவாட்டில் நின்று எடுத்ததும் ஜன்னல் சரியாகிவிட்டது, நம்பவே முடியவில்லை. இப்போது புதுசாக ஒன்று: விளக்கைப் போட்டால் கட்டில் பக்கம் மஞ்சள், ஜன்னல் பக்கம் நீலம். ஒரு படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் வேறு. படுக்கை விரிப்பும் கசங்கினாற்போல் தெரிகிறது, அதைத் தேய்த்துத்தான் போட்டேன்.

மூலைநாற்காலி:
வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; மஞ்சள் பல்பு 2700 கெல்வின் வாக்கில், பகல் வெளிச்சம் 5500-க்கு மேல், இரண்டையும் ஒரே படத்தில் போன் கேமராவால் சமாளிக்க முடியாது. பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எடுங்கள். விளக்கோடுதான் வேண்டுமென்றால் இருட்டிய பிறகு தனியாக ஒன்று எடுங்கள். பட்டைகளுக்குக் காரணம் எல்இடி: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், ஷட்டர் வேகம் கூடினால், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம் குறைந்தால், அது படத்தில் விழும். அந்த நேரத்தை 1/50 விநாடிக்கு மாற்றினால் போய்விடும்.

விரிப்புக்கு என்ன செய்வது என்றால், பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் சின்ன மடிப்பையும் நிழலாக்கிக் காட்டும். விரித்த பிறகு கட்டிலில் வைத்தே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, காயவிட்டு எடுங்கள். வெள்ளை விரிப்பு என்றால் இன்னும் கவனம், அதில்தான் ஒவ்வொரு கோடும் தெரியும்.

பெட்டிதூக்கி:
முதல் படத்தை மட்டும் அகலவாக்கில் போடுங்கள். தேடல் பட்டியலில் நிமிர்ந்த படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, பல சமயம் மெத்தையின் நடுப்பகுதிதான் தெரிகிறது.