எஃபெக்ட்ஸ் பெடலுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ் கிதார் பழகுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மூவர் குழு பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குழுவில் கிதார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கிதார்காரர் தனி வாசிப்புக்குப் போய்விட்டால் கோர்டு (பல சுரங்களின் சேர்க்கை) பிடிக்க ஆளில்லை. நடு அலைவரிசை வெறிச்சோடிவிடும். அப்போது பேஸ் வாசிப்பவர் ஒரு பெடலை மிதித்துத் தன் ஒலியைப் பருக்கவைத்து அந்த இடத்தை அடைக்கிறார்.

எஃபெக்ட்ஸ் பெடல் (ஒலியை மாற்றும் அந்தக் கருவி), ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஆக்டேவர் (ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரத்தைச் சேர்ப்பது), கிளீன் பிளெண்ட் (மாற்றாத ஒலியையும் கூடவே கலப்பது) ஆகியவற்றுக்குச் சொல் தாருங்கள். இடத்தை அடைக்கும் அந்த வேலைக்கும் ஒன்று வேண்டும். ‘விளைவு மிதி’ என்று எழுதினால் பின்விளைவுதான் நினைவுக்கு வருகிறது.

*

மறு:

‘விளைவு’ வேண்டவே வேண்டாம். நன்னூலார் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்திருக்கிறார். பெடல்களும் இதில் அடங்கிவிடும். ஆக்டேவர் இல்லாத சுரத்தைக் கொண்டுவருகிறது: தோன்றல். ஓவர்டிரைவ் அலையின் வடிவத்தையே மாற்றுகிறது: திரிதல். ஃபில்டர் சில அலைவரிசைகளை நீக்குகிறது: கெடுதல். பொதுப்பெயர் ‘ஒலிவிகாரி’ என்று இருக்கட்டும்.

*

மறு:

ஐயா, வகைப்பாடு அழகு. ஆனால் ‘விகாரம்’ என்றால் இன்றைக்கு அவலட்சணம் என்றுதான் பொருள். காசு கொடுத்து அதை யார் வாங்குவார்கள்? ‘ஒலிதிரிப்பி’ என்று வைக்கலாம். ஒலிபெருக்கி போலவே இரண்டாம் வேற்றுமைத் தொகை, நடுவில் ஒற்று மிகாது.

*

மறு:

மேடையில் பேஸ் வாசிப்பவள் நான். காலடியில் இருப்பதை ‘மிதி’ என்றாலே எங்களுக்குப் புரிந்துவிடும். ‘ஒலிமிதி’ போதும்.

ஆக்டேவருக்குப் பெயர் வைக்கும் முன் அது செய்வதைப் பாருங்கள். பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போனால் ஏறத்தாழ 20.6, மனிதக் காதின் விளிம்பு. பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதைத் தரவே தராது. அதனால் அதே தந்தியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) ஏறி 82 ஹெர்ட்ஸில் வாசிப்போம். பெடல் கீழே 41ஐச் சேர்க்கும். கேட்பவருக்கு இருவர் வாசிப்பது போல இருக்கும். ஒரு எச்சரிக்கை: 1982இல் வந்த பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓசி-2 போன்ற பழைய பெடல்களில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இரண்டு தந்தியைச் சேர்த்து மீட்டினால் தடுமாறி உளறும். கையேட்டில் கட்டாயம் சொல்லுங்கள்.

*

மறு:

ஃபிரெட் எதற்கு அம்மா, வீணையில் ‘மெட்டு’ இருக்கிறதே! ஸ்தாயிக்கும் வலிவு, மெலிவு, சமன் என்று நம்மிடம் உண்டு. கீழ் ஸ்தாயி மெலிவு. ஆக்டேவர் ‘மெலிவாக்கி’.

*

மறு:

மெலிவாக்கியா? ஒலியைப் பருக்கவைக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வைத்தால் படிக்கும் பிள்ளை நேர்மாறாகப் புரிந்துகொள்ளும். மண்டிலம் என்றாலும் ஸ்தாயிதான்; ‘கீழ்மண்டிலப் பெடல்’ என்றாவது சொல்லுங்கள்.

*

மறு:

மூன்று விகாரத்தில் கோரஸும் (ஒருவர் வாசிப்பதைப் பலர் வாசிப்பது போலக் காட்டுவது) கம்ப்ரஸரும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) அடங்கவில்லை என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். செய்யுள் விகாரம் ஆறு இருக்கிறது: வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல். எதிரொலி போலத் திரும்பத் தரும் டிலே நீட்டல், கோரஸ் விரித்தல், கம்ப்ரஸர் தொகுத்தல். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறைக்கும் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் இடமுண்டு, விரிவாக எழுதுகிறேன்.

*

மறு:

எழுதுங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்.

இந்த அத்தியாயத்துக்கு உயிர்நாடி கிளீன் பிளெண்ட்தான். ஓவர்டிரைவ் அலையின் முகட்டை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் மேற்சுரங்கள் முளைக்கின்றன. கிதார் விட்டுப்போன நடுப்பகுதியை நிரப்புவது அவைதான். சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரம் வராவிட்டாலும் மேற்சுரங்களை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும். ஆனால் பல பெடல்களில் அடிப்பகுதி கரைந்துபோகும். குழுவே காலில்லாமல் நிற்கும். அதனால்தான் பெடலுக்குள் போகாத ஒலியையும் பக்கத்தில் ஓடவிட்டுக் கலக்கிறோம். பாஸ் ஓடிபி-3இல் அதற்கென்றே ‘பேலன்ஸ்’ குமிழ் இருக்கிறது. ‘தூய ஒலி’ என்றால் மற்றது அழுக்கு என்றாகிவிடும். பெடலுக்குள் போகாதது ‘நேரொலி’, போய் வருவது ‘திரியொலி’ என்று வைத்தால் ‘நேரொலிக் கலவை’ தானாகவே வந்துவிடும்.

*

மறு:

நேரொலி அருமை! இடத்தை அடைப்பதற்கு ‘நிரவல்’ என்று சொல்லலாமா?

*

மறு:

கூடாது. கர்நாடக இசையில் நிரவல் என்றால் ஒரே வரியைத் தாளம் பிசகாமல் விதவிதமாக விரித்துப் பாடுவது. இசைக் கையேட்டிலேயே இசைச் சொல்லைக் குழப்பினால் எப்படி?

*

மறு:

பள்ளத்தை நிரவுவதும் தமிழ்தான். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

*

மறு:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு போகிறது. பெரும்பான்மைப்படி ஒலிமிதி, திரியொலி, நேரொலிக் கலவை. ஆக்டேவர் அப்படியே இருக்கும்; முதல்முறை வருமிடத்தில் ‘கீழ்மண்டிலச் சுரம் சேர்ப்பது’ என்று விளக்கம் தருகிறேன். நிரவலை விட்டுவிட்டேன்; ‘ஒலியை நிறைத்தல்’ என்றே வாக்கியமாக எழுதியிருக்கிறேன்.

*

மறு:

மறுப்பைப் பதிவு செய்கிறேன். கணினி மென்பொருளிலும் இதே ஓவர்டிரைவ் வருகிறது, அங்கே எதை மிதிப்பது? என் வாக்கு இன்னும் ஒலிதிரிப்பிக்குத்தான். கம்ப்ரஸரையும் யாரும் முடித்துவைக்கவில்லை.