ஹானர்ஸ் நாலாம் வருஷ ப்ராஜெக்ட்: மணவாளக்குறிச்சி மணலும் மைக்ரோநியூக்ளியஸும், ஒரு வருஷத்தில் முடியுமா?

குளச்சல்காரி:
மெடிக்கல் பயோடெக்னாலஜி, நாலு வருஷ ஹானர்ஸ். அடுத்த செமஸ்டரிலிருந்து தீசிஸ் வேலை. மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கத்து மோனசைட் மணலில் கதிர்வீசும் தோரியம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே குடியிருக்கிறவர்களின் ரத்தத்தில் டிஎன்ஏ சேதம் கூடுதலா என்று மைக்ரோநியூக்ளியஸ் சோதனையில் (டிஎன்ஏ சேதமானால் செல் பிரியும்போது பெரிய உட்கருவுக்கு வெளியே தங்கிவிடும் குட்டி உட்கருவை எண்ணுவது) பார்க்க ஆசை. கடற்கரையில் 50 பேர், ஒப்பிட, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் தோவாளைப் பக்கம் 50 பேர். கைடு "பார்க்கலாம்" என்கிறார், அவ்வளவுதான். எங்கே இடிக்கும்? சோதனையைக் கையால் செய்தவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

வேளிமலை:
தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது பிஎச்டி அளவு வேலையாக்கும்.

முதலில் எத்திக்ஸ். மனித ரத்தம் என்றால் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்தபிறகுதான் முதல் ஊசியே போடலாம். ஒப்புதல் படிவம் தமிழில் வேணும், ஊர்க்காரங்க வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில். கமிட்டி ஒரு திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கணும். உங்க கையில் இருப்பது ஒன்பது, பத்து மாசம்.

அதைவிடப் பெரிய இடி ஒப்பீட்டில். மைக்ரோநியூக்ளியஸ் எண்ணிக்கை வயசோடு கூடும், பெண்களிடம் ஆண்களைவிடக் கூடுதல். புகை, வெற்றிலை-புகையிலை, ஃபோலேட், பி12 குறைபாடு, அண்மையில் எடுத்த சிடி ஸ்கேன் எல்லாம் அதைத் தொடும். கடற்கரையில் மீன்பிடிக்கிறவரையும் தோவாளையில் பூ விவசாயம் பார்க்கிறவரையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் மணலால்தான் என்று எப்படிச் சொல்வீங்க? ஆளுக்கு ஆள் கதிர்வீச்சு டோஸ் அளக்கவும் இல்லை. இதேபோல மோனசைட் மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்விலேயே, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 50 பேரில் ஒன்றும் வராமல் போனால் அது "சேதம் இல்லை" என்பதா, "ஆள் போதவில்லை" என்பதா? வைவாவில் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

பைப்பெட்:
வேளிமலை சொன்னதுதான் சரி. தலைப்பைச் சுருக்குங்க: ஆரோக்கியமான ஐந்து பேர் ரத்தம், கதிர்வீச்சைப் போல டிஎன்ஏ-வை உடைக்கும் ப்ளியோமைசின் மூன்று அளவில், மருந்தில்லாத கன்ட்ரோல் ஒன்று, எல்லாம் இரட்டைக் கல்ச்சர் (ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாயில் செல் வளர்ப்பது). மொத்தம் 40 கல்ச்சர். ஒவ்வொன்றிலும் 500 வீதம் 20,000 செல் எண்ணணும். உங்க முதல் திட்டத்தில் ஆளுக்கு 1,000 வைத்தாலே ஒரு லட்சம். (இதற்கும் எத்திக்ஸ் வேணும், ஆனால் கேள்விகள் குறையும்.)

செய்முறை: ஹெப்பாரின் குழாயில், அதாவது பச்சை மூடியில் ரத்தம் எடுங்க. ஊதா மூடி இடிடிஏ வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், லிம்ஃபோசைட் (நாம் வளர்க்கும் வெள்ளணு) இரண்டாகப் பிரியத் தயங்கும். ஐஸில் வைக்காமல் அறை வெப்பத்தில் கொண்டுவாங்க. 0.5 மி.லி. ரத்தம், சீரமும், லிம்ஃபோசைட்டைப் பிரியத் தூண்டும் பிஎச்ஏ-வும் சேர்த்த ஆர்பிஎம்ஐ 1640 மீடியம் 4.5 மி.லி., 37 டிகிரி. 44-ஆம் மணியில் சைட்டோகலாசின்-பி, கடைசி அளவு மி.லி.க்கு 6 மைக்ரோகிராம். ஸ்டாக் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மி.லி.க்கு 2 மில்லிகிராம் என்றால் 5 மி.லி. கல்ச்சருக்கு 15 மைக்ரோலிட்டர். சைட்டோகலாசின்-பி, உட்கரு பிரிந்தபிறகு செல் இரண்டாகாமல் தடுக்கும். இரட்டை உட்கரு கொண்ட செல் ஒருமுறை பிரிந்தது என்று அப்படித்தான் தெரியும், அவற்றை மட்டும்தான் எண்ணணும். 72-ஆம் மணியில் அறுவடை, அதாவது செல்லைச் சேகரித்து ஸ்லைடுக்குத் தயார் செய்வது.

நேரத்தை இப்போதே கணக்குப் போடுங்க. திங்கள் மாலை 4 மணிக்குத் தொடங்கினால் 44-ஆம் மணி புதன் மதியம் 12, அறுவடை வியாழன் மாலை 4. வியாழக்கிழமை தொடங்கினால் அறுவடை ஞாயிற்றுக்கிழமை, லேப் பூட்டியிருக்கும். இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கா என்றும் பாருங்க.

பெரும்பாலானவங்க கெடுப்பது அறுவடையில்தான். குரோமோசோம் ஸ்லைடு தயாரிக்கும் செய்முறைக் குறிப்பை எடுத்துக்கொண்டு 0.075 எம் பொட்டாசியம் குளோரைடில் 37 டிகிரியில் 20 நிமிஷம் வைப்பாங்க. செல் வீங்கி சைட்டோபிளாசம் கிழிந்துவிடும், எந்த இரண்டு உட்கரு ஒரே செல்லுக்குள் இருந்தது என்றே தெரியாது. அதே கரைசலைக் குளிர்வித்து, சில நிமிஷம், அது போதும். பிறகு செல்லை நிலைப்படுத்தும் மெத்தனால்-அசிட்டிக் அமிலம், சொட்டுச் சொட்டாக, குழாயை அசைத்துக்கொண்டே. ஒரேயடியாக ஊற்றினால் கட்டியாகிவிடும்.

ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் நம்ம பக்கம் பூஞ்சை விடாது. கல்ச்சர் அறைக்குள் அட்டைப்பெட்டி, பஞ்சு எதையும் அடுக்காதீங்க.

வேளிமலை:
எண்ணும்போது: மைக்ரோநியூக்ளியஸின் விட்டம் பெரிய உட்கருவில் பதினாறில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதே நிறத்தில், உட்கருவோடு ஒட்டாமல் இருக்கணும். மின்னினால் அது சாயத்துகள், விடுங்க. எது எந்த ப்ளியோமைசின் அளவு என்று உங்களுக்குத் தெரியாதபடி ஸ்லைடுக்கு எண் போட்டு மறைத்து வைக்க வேறொருவரிடம் கொடுங்க. முக்கியமாக, உங்க 'என்' 5, ரத்தம் கொடுத்தவங்க எண்ணிக்கை. 20,000 செல் எண்ணியதால் அது 20,000 ஆகாது, இரட்டைக் கல்ச்சர் போட்டதால் 10-ம் ஆகாது.

குளச்சல்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. ஊசியே இல்லாமல் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்துச் செய்தால் கடற்கரை ஆளுகளையும் சேர்க்கலாமே?

பைப்பெட்:
கல்ச்சர் தேவையில்லை, செலவும் குறைவு, உண்மை. ஆனால் எத்திக்ஸும் ஒப்பீட்டுச் சிக்கலும் அப்படியே நிற்கும். வெற்றிலை-புகையிலை நேராக அந்தத் தோலில்தான் படுது, குழப்பம் கூடும். செய்வதானால் ஜீம்சா சாயம் வேண்டாம், வாயிலுள்ள பாக்டீரியாவும் சாயமேறி மைக்ரோநியூக்ளியஸ் போலவே தெரியும். டிஎன்ஏ-வை மட்டும் பிடிக்கும் ஃபோல்கன் சாயம் போடுங்க.