வேகமே இல்லாத ஹூப்பியா லிவர்பூலில் பத்து வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கடைசிவரிசை:
பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2005 இஸ்தான்புல் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் லிவர்பூல் டிஃபன்ஸில் அந்த நெட்டை ஃபின்லாந்துக்காரர், சாமி ஹூப்பியா (பேரைப் பார்த்து முதலில் நம்ம ஆள் என்றே நினைத்தேன்), மிலானின் காகா பந்தோடு கிளம்பினால் பத்தடி பின்னால்தான் நிற்கிறார். முதல் பாதியில் மிலான் மூன்று கோல். இப்படி ஒருவர் 1999 முதல் 2009 வரை இங்கிலாந்தில் எப்படி ஆடினார்?

பழையஸ்டாப்பர்:
அந்த ஒரு பாதியை வைத்து எடை போடாதீர்கள், அன்று மிட்ஃபீல்டில் காவலே இல்லை. தனக்கு வேகம் இல்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும், அதனால் யாரோடும் ஓட்டப்பந்தயத்துக்கே போகமாட்டார், பாஸ் கிளம்பும் முன்பே அது விழப்போகும் இடத்துக்கு இரண்டு எட்டு நகர்ந்திருப்பார், தரையில் சறுக்கிப் பந்தைப் பிடுங்குவதெல்லாம் அபூர்வம். ஹெட்டருக்கு உயரம் இருந்தது, அது போனஸ். அப்போதைய கோச் ஊலியே அணியைச் சொந்த கோலை ஒட்டி ஆழமாக இறங்கி நிற்க வைத்ததும் உதவியது, பின்னால் திறந்த இடமே கிடையாது. பக்கத்தில் ஜோடி டிஃபண்டர் ஹென்ஷோ, அவரும் அதே ரகம். 2001இல் லீக் கப், எஃப்ஏ கப், யூஇஎஃப்ஏ கப் மூன்றும் இந்த ஜோடியை வைத்து வந்ததுதான். டச்சு அணி வில்லெம் 2இலிருந்து அவரை வாங்கிய விலை 26 லட்சம் பவுண்டு. அடிமாட்டு விலை!

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
ஆழமாக நின்றதுதான் காரணம் என்பதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அடுத்த கோச் பெனிடெஸ் வந்தபிறகு அணி ஆடிய விதமே மாறியது, ஆனாலும் சக டிஃபண்டர் கேரகரோடு சேர்ந்து அதே இஸ்தான்புல் ஃபைனலில் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தார். அப்புறம் 35 வயதில் ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்குப் போனார். முதல் சீசனில் அந்த அணி பண்டஸ்லீகாவில் (ஜெர்மன் லீக்) தொடர்ந்து 24 ஆட்டம் தோற்கவில்லை, அடுத்த சீசனில் இரண்டாம் இடம், 2011இல் ஓய்வு. ஒரே கோச்சின் திட்டத்தில் ஒளிந்துகொண்டவர் என்றால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

மூன்றாம்_கார்னர்:
எனக்கு அவர் ஆட்டத்தைவிட 2003 தான் ஞாபகம் வரும். கேப்டன் பட்டையை அவரிடமிருந்து எடுத்து ஜெரார்டுக்குக் கொடுத்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜனவரியில் கிளம்பியிருப்பார், இவர் இன்னும் ஆறு சீசன் ஆடினார். நாட்டுக்காக 105 ஆட்டம், ஆனால் ஒரு உலகக் கோப்பையோ யூரோவோ இல்லை. ஃபின்லாந்து முதன்முதலாக யூரோவில் ஆடியதே 2021இல்தான், அதற்குள் இவர் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிவிட்டது.
கேள்வி கேட்டவர் அதே 2005இல் ஆன்ஃபீல்டில் யுவென்டஸோடு நடந்த காலிறுதியைப் பாருங்கள். 10ஆவது நிமிஷம், கார்னர், பந்து தரையில் விழுமுன் இவர் இடது காலால் அடித்த வாலி.

கடைசிவரிசை:
பார்த்துவிட்டேன். டிஃபண்டர் அடிக்கிற அடியா அது! அடுத்து லெவர்குசன் ஆட்டங்களைத் தேடுகிறேன்.