மலையில் மேட் (கூடாரத்தில் படுக்க விரிக்கும் பாய்) கைவிட்ட இரவு: சிங்கப்பூர் மலையேறிகளே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பிடோக்:
இந்தோனேசியாவின் ரிஞ்சானி எரிமலை, செம்பலுன் விளிம்பு முகாம், 2,639 மீட்டர். உச்சிக்குக் கிளம்ப எழுப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடுப்பு சில்லிட்டு விழிப்பு வந்துவிட்டது. மேலே தூக்கப் பை கதகதவென்று இருக்கிறது. பைக்கும் மேட்டுக்கும் நடுவே கையை விட்டால் ஐஸ்பெட்டிக்குள் விட்ட மாதிரி. மேட்டோ 10 செ.மீ. தடிமன், அந்தத் தடிமனை நம்பித்தான் வாங்கியது. பெட்டியில் ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’ என்று இருந்தது, ஆர் மதிப்பு (தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற எண், கூடினால் நல்லது) எங்குமே இல்லை.

தடிமன் முதுகுக்குச் சொகுசு, அவ்வளவுதான். உள்ளே வெறும் காற்று என்றால் மேல் துணியின் சூடு கதிராகக் கீழ்த் துணிக்குப் போய்விடும். புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் தரையை ஒட்டிய குளிர்காற்றும் கலந்துவிடும். இதைத் தடுக்கத்தான் நல்ல மேட்டுக்குள் பளபளப்பான படலத்தை அடுக்கடுக்காக வைக்கிறார்கள், அல்லது செயற்கைப் பஞ்சு விரிக்கிறார்கள். தூக்கப் பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடும், அங்கே இறகு இருந்தும் பயனில்லை. தரைக் குளிரை மேட் ஒன்றுதான் தாங்க வேண்டும்.

வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப் 3340 முறையில் அளந்த ஆர் மதிப்பா என்று பாருங்கள். 2018ல் வந்த தரம் அது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்தது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. பழைய இருப்பை மலிவாகக் கொடுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஓர் அளவுகோலுக்குச் சொல்கிறேன்: தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி சாதாரண அளவு 370 கிராம், 7.6 செ.மீ., ஆர் 4.5. அதே வரிசையில் எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி 440 கிராம், ஆர் 7.3. எழுபது கிராம்தான் கூடுதல். இந்தோனேசிய எரிமலைகளுக்கு ஆர் 3 முதல் 4.5 வரை போதும். லடாக், நேப்பாளம் என்று கூடாரத்தில் தங்கப் போகிறவர்கள் 5க்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்:
நம் ஊர்க்காரர்கள் நல்ல மேட்டை ‘ஓட்டை’ என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். மாலை 5 மணிக்கு வாயால் ஊதிக் கல் மாதிரி வைத்த மேட், இரவு 1 மணிக்குத் தொளதொளவென்று கிடக்கும். தோள் தரையில் முட்டும். ஓட்டை கிடையாது. வாயிலிருந்து போன காற்று ஏறக்குறைய 33 டிகிரி. இரவில் அது 7 டிகிரிக்கு இறங்கினால் எட்டு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும். அறுபது லிட்டர் பிடிக்கும் மேட்டில் ஐந்து லிட்டர் காணாமல் போகும். மூச்சிலிருந்த நீராவியும் உள்ளே தண்ணீராகப் படிந்துவிடும், அதுவும் கொஞ்சம் குறையும்.

செய்ய வேண்டியது: முகாமுக்கு வந்ததும் ஊதி விரித்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும் முன் இரண்டு மூன்று மூச்சு சேர்த்து ஊதுங்கள். விடியும்வரை தாங்கும். வெயிலில் காயப் போடும்போது இதற்கு நேர்மாறு: மூடியைத் திறக்காமல் உப்பலாக விட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, தையலும் மேட்டுக்குள் காற்றறைகளைப் பிரிக்கும் சுவரும் பிரியும்.

ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்கிறவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஏர்கான் போடாத அறையில் பம்பால் ஊதி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி நிரப்பி, மேலே 10 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் காலையில் பாருங்கள். ஊதிவிட்டு ராத்திரி ஏர்கானைப் போட்டால் எந்த மேட்டும் காலையில் தளர்ந்துதான் இருக்கும்.

செங்காங்:
பிடோக் அண்ணே சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவது மலேசியாவின் லேடாங், தாஹான், கோர்பு மலைகள். தாஹான் 2,187 மீட்டர்தான். அங்கே இரவுக் குளிருக்கு ஊதத் தேவையில்லாத நுரைப் பாய் போதும். காற்று மேட்டுக்குக் காட்டில் வரும் பகைவன் குளிர் இல்லை, ரோத்தான் (பிரம்பு) முள். காட்டுக்குள் மூன்றாம் நாள் மேட்டில் ஒரு முள் ஏறினால் மிச்ச நாலு ராத்திரிக்கும் வேர்மேல்தான் படுக்கை. தாஹானில் அந்தக் காட்சியைப் பார்த்தேன்: அமுக்கினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், இலைக் குப்பைக்குள் ஓட்டை எங்கே என்று டார்ச் அடித்துத் தேடும் கூட்டம்.

மடிப்பு நுரைப் பாய் முழுதாக 14 மடிப்பு, 183 செ.மீ., 410 கிராம், ஆர் 2. இதில் எட்டு மடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ஏறக்குறைய 105 செ.மீ., 235 கிராம். தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை வரும். காலுக்கடியில் காலிப் பையை விரித்துக்கொள்ளலாம். மடிப்பின் பள்ளத்தில் வெட்ட வேண்டும், கூர்மையான கட்டர் கத்தியால், உலோக அளவுகோலை வைத்து, ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று நான்கு முறை மெல்லக் கீறி. கத்தரிக்கோல் போட்டால் விளிம்பு பிய்ந்து உதிரும். வெட்டிய ஆறு மடிப்பையும் எறிய வேண்டாம், இரண்டு இரண்டாக்கினால் உட்காரும் பாய்.

பிடோக்:
தம்பி, தாஹானுக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் அங்கே நுரைப் பாயையே எடுப்பேன். நான் எழுதியது ரிஞ்சானி விளிம்பைப் பற்றி. அங்கே எரிமலை மணல், காற்று கூடாரத்துக்குள்ளும் புகும், குளிர் 5 டிகிரியை ஒட்டி இறங்கும். ஆர் 2 மட்டும் இருந்தால் தூங்கலாம், ஆனால் தூக்கப் பை அட்டையில் போட்ட டிகிரியை அப்படியே நம்பக்கூடாது. அந்த டிகிரியை அளக்கும் ஐஎஸ்ஓ 23537 சோதனையில் மனித உருவப் பொம்மையை வெறும் தரையில் கிடத்துவதில்லை, அதற்கடியிலும் மேட் இருக்கும். மேட்டைக் குறைத்தால் பையின் கணக்கும் குறையும்.

ஈசூன்:
நீங்கள் எல்லாரும் மலையைப் பற்றி எழுதுகிறீர்கள். மேட் கெடுவது மலையில் இல்லை, நம் வீவக அடுக்குமாடி வீட்டில். பாம் ஷெல்ட்டரிலிருந்து (வீட்டுக்குள் இருக்கும் காப்பறை) ஒரு வருஷம் கழித்து எடுத்த மேட். உதறி விரித்து ஊதியதும் நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு மொட்டு எழும்பியது. அழுத்தினால் மேட்டின் பக்கத்துக் காற்றறை மெல்ல ‘டப்’ என்று விட்டது, மொட்டு இரண்டு மடங்கானது. மூடி வாயில் மூக்கை வைத்தால் பழைய குடைத் துணி நாற்றம். இது யாருக்கும் வரக்கூடாது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஈரம். நம் மூச்சு ஒரு கன மீட்டருக்கு 35 கிராமுக்கு மேல் நீரைச் சுமக்கும். அறுபது லிட்டர் மேட்டை ஒரு முறை வாயால் ஊதினால் 2 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. குளிரில் பெரும்பங்கு துணியின் உட்புறத்தில் படியும். ஐந்து இரவு ஊதினால் பத்து கிராம். காற்றை இறக்கிச் சுருட்டும்போது பாதிதான் வெளியே வரும். எச்சில் வேறு. படலம் போட்ட மேட்டில் கறுப்புப் புள்ளி வரும், பஞ்சு போட்டதில் பூஞ்சையே பிடிக்கும். இறகு நிரப்பியதை வாயால் ஊதவே கூடாது. ஈர இறகு கட்டி தட்டினால் ஆர் மதிப்பும் போச்சு. ஊதும் பை வாங்குங்கள். ஐம்பது, அறுபது கிராம் வரும், துணிமணியை அதற்குள் போட்டுப் பைக்குள் வைத்தால் மழை உறையாகவும் ஆகும். மின்பம்ப் வாங்கினால் அது பவர்பேங்காகவும் வேலை செய்யும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான்.

அடுத்து மொட்டு. துணியின் உட்பூச்சு பாலியூரித்தேன் வகை. சூடும் ஈரமும் சேர்ந்து நாள்பட நின்றால் இந்த வகைப் பொருள் தளர்ந்துவிடும். பழைய கூடாரம் பிசுபிசுக்கிறதே, சப்பாத்தின் அடி பொடிப்பொடியாக உதிர்கிறதே, அதே நோய். உள்ளே மேல் துணியையும் கீழ்த் துணியையும் இழுத்துப் பிடிக்கும் சுவர்கள் ஒட்டு விட்டால் மொட்டு எழும்பும். அதற்கு மருந்தே கிடையாது. ஒட்டு போட முடியாது, ஏனென்றால் விட்டது உள்ளே.

பயணம் முடிந்து வந்ததும் இப்படிச் செய்யுங்கள். ஏர்கான் அறையில், ஒரு மணி நேரம் ஏர்கான் ஓடிய பிறகு, பம்பால் ஊதுங்கள். அந்தக் காற்று வறண்டது. பத்து நிமிஷம் விட்டு முழுக்க இறக்குங்கள். இப்படி நாலு முறை. கடைசியில் மூடியைத் திறந்து வைத்து ஒரு ராத்திரி அங்கேயே கிடக்கட்டும். முடி உலர்த்தும் இயந்திரம் வேண்டாம், சூட்டில் ஒட்டு விடும். வெளித்துணியில் வியர்வைக் கறை இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. கழுவும்போது மட்டும் மூடியை இறுக மூடுங்கள்.

வைக்கும் இடம்: கட்டில் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில், மடிக்காமல், மூடி திறந்தபடி. அல்லது அலமாரிக்குப் பின்னால் தொங்கவிடலாம். ஸ்டோர்ரூம், பாம் ஷெல்ட்டர், சலவைத் துணி காயும் சமையலறைப் பின்கட்டு மூன்றும் ஆகாது. தானாக உப்பும் நுரை மேட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சுருட்டியே வைத்தால் நுரை அமுங்கி மறுபடி எழாது.

தெம்பனிஸ்:
அகலம் பற்றி யாரும் எழுதவில்லையே! 51 செ.மீ. மேட்டில் மல்லாந்து படுத்தால் இரண்டு முழங்கையும் வெளியே தொங்கும், அந்த இரண்டு இடத்தில் குளிர் ஏறும். 64 செ.மீ. அகலத்துக்கு நூறு கிராம் ஒட்டிக் கூடும், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அது வீண் எடை இல்லை.

கடையில் நின்றபடி கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். கடையின் தளத்தில் விரித்துக் கால் மணி நேரம் ஒருக்களித்துப் படுங்கள். முழுக்க ஊதிய மேட் உருட்டிவிடும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, இடுப்பெலும்பு தரையைத் தொடும்வரை காற்றை விடுங்கள். தொட்டதும் மூடி, இரண்டு மூச்சு மட்டும் சேருங்கள். உங்கள் உடம்புக்கான இறுக்கம் அதுதான். அந்த இறுக்கத்தில் புரளும்போது முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கும் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். படலம் போட்ட சில மேட்டுகள் அப்படிச் சத்தம் போடும், பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அது வேதனை.

உட்லண்ட்ஸ்:
ஜப்பான் வட ஆல்ப்ஸ், கராசாவா. கூடாரம் போடும் இடம் முழுக்க உடைகல். மேட்டில் ஊசிமுனை ஓட்டை, ஒட்டு போட்டாயிற்று, ஒரு மணி நேரத்தில் ஒட்டின் ஓரம் சுருண்டு எழுந்துகொண்டது. அந்தச் சுருண்ட ஓரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காரணம் பசை இல்லை, கையில் இருந்த சன்ஸ்கிரீன். கொசு எண்ணெயும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டில் குளியல் தொட்டி இல்லாத நமக்கு ஓட்டை கண்டுபிடிக்க எளிய வழி: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம், தெளிக்கும் போத்தல். முதலில் மூடியைப் பாருங்கள். பாதி நேரம் ஓட்டையே இருக்காது, வால்வு மடலில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். தண்ணீர் விட்டு அலசினால் தீர்ந்தது. பிறகு ஓரத் தையல். கடைசியில் பரப்பை ஒரு சாண் ஒரு சாணாக. நுரை பொங்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். சோப்பைக் கழுவி, காய்ந்ததும் மருந்துக்கடை ஆல்கஹால் பஞ்சால் இரண்டு முறை துடைத்து, ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள். காற்று முழுக்க இறங்கியிருக்க வேண்டும். டேப்பை நாணயம் மாதிரி வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கேதான் எழும்பும். ஓட்டையைச் சுற்றி ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து ஊதுங்கள். வீட்டில் நிரந்தரமாகச் செய்வதென்றால் சீம் கிரிப் பசை மெல்லிய பூச்சு, குறைந்தது 12 மணி நேரம் காய வேண்டும். பயணத்துக்கு ஆல்கஹால் பஞ்சு நாலு, டேப் ஒரு சாண். பத்து கிராம்கூட வராது.

ஒரு கேள்வி: நுரைப் பாய், காற்று மேட் இரண்டையும் எடுத்துப் போனால் எது மேலே?

செங்காங்:
ஆர் மதிப்பு இரண்டும் கூடும், 2ம் 4.5ம் சேர்ந்து 6.5. உடைகல், முள் என்றால் நுரை கீழே, மேட்டைக் காக்கும். தரை சுத்தமாக இருந்து குளிர் மட்டும் கடுமை என்றால் நுரையை மேலே போட்டுப் பாருங்கள், வழுக்காது, பையும் நகராது. கராசாவாவுக்குக் கீழேதான், அதுவும் தோள், இடுப்பு வரும் இடத்தில் மடிப்பு இரட்டையாக.