காணாக்கடிக்கு வெற்றிலை மிளகு போதுமா?

கேள்வி: எட்டு மாதமாகக் காணாக்கடி, அதாவது தோலில் அரிப்போடு திடீர்த் தடிப்பு. சாயங்காலம் பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஆரம்பிக்கும். காலையில் சுவடே இருக்காது, டாக்டரிடம் காட்ட போனில் எடுத்த படம்தான். அலர்ஜி மாத்திரை செட்ரிசின் 10 மி.கி. போட்டால் ஆபீசில் தூங்கி வழிகிறேன். மாமியார் வெற்றிலையில் மிளகு மடித்துத் தருகிறார், அருகம்புல் சாறு வேறு. மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

பதில் 1: நிறுத்தாதீர்கள் அக்கா. நான் சித்த மருந்தான பரங்கிப்பட்டைச் சூரணம் ஒரு மண்டலம் சாப்பிட்டேன், அரிப்பு அப்படியேதான். தூக்கம் குறைவாக வரும் ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரை ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தலைவலிக்கு இபுபுரூஃபென் போட்டால் எனக்குத் தடிப்பு கூடும்.

பதில் 2: ஆறு வாரம் தாண்டினாலே நாள்பட்டதுதான். தேவைப்பட்டால் டாக்டரே மாத்திரை அளவை நான்கு மடங்கு வரை கூட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால் ஒமலிசுமாப் ஊசி. நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரி.

கேட்டவர்: சரி, மாத்திரை தொடரும். வெற்றிலை மாமியாருக்காக.