வீட்டுக்கு ஒரே போன், அதுல பிள்ளைகளோட இன்ஸ்டாகிராம்: முதல்ல எதைச் சரி பண்ணணும்?

முக்கூடல்காரி கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்க பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல, சமூக ஊடகத்துல பிள்ளைகளோட பாதுகாப்பு பத்திப் பேசச் சொல்லியிருக்காக. வாரது பெரும்பாலும் பீடி சுத்துற அம்மாமார். வீட்டுக்காரர் துபாயிலயோ மும்பையிலயோ இருப்பாரு. வீட்டுக்கு ஒரே ஆண்ட்ராய்டு போன், சிம் அம்மா பேருல. சாயங்காலம் மடியில சொளவு (முறம்), ரெண்டு கையும் இலையிலயும் தூள்லயும் இருக்கும். அந்நேரம் போன் பிள்ளை கையில. ராத்திரி வெளிநாட்டுல இருந்து வீடியோ கால் வரும்ங்கிறதால போனைப் பூட்டி வைக்கவும் வழியில்லை.

"போனைக் குடுக்காதீக"ன்னு சொல்லிட்டு இறங்க எனக்கு மனசு வரலை. 7, 8, 9ம் வகுப்புப் பிள்ளைக இன்ஸ்டா, வாட்ஸ்அப், ஸ்னாப்சாட் மூணுலயும் இருக்குக. 20 நிமிஷத்துல அந்த அம்மாமார் கையாலயே செய்ய வைக்கணும். எதெது, எந்த வரிசையில? ஏற்கெனவே படம் கைமாறிப் போயிருந்தா என்ன செய்யணும்?

பாளை கணினிக்காரர்:

ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்குன்னா பிறந்த தேதியைப் பாருங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

2025 பிப்ரவரியில இருந்து இந்தியாவிலயும் இன்ஸ்டாகிராம்ல 'டீன் அக்கவுண்ட்' இருக்கு. 18 வயசுக்குக் கீழன்னு தெரிஞ்சா கணக்கு தானாவே பிரைவேட் ஆகிரும். பிள்ளை பின்தொடராத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. ராத்திரி 10 மணியில இருந்து காலை 7 மணி வரை அறிவிப்பு சத்தம் போடாது. 16 வயசுக்குக் கீழ இருந்தா, இதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேணும். ஆனா நம்ம பக்கத்துல நடக்கிறது என்ன? அம்மா நம்பர்ல கணக்கு, பிறந்த வருஷம் 1985 இல்லைன்னா வாய்க்கு வந்த 1999. இன்ஸ்டாகிராம் கணக்குப்படி அது வளர்ந்த ஆள். மேல சொன்ன ஒரு காவலும் அந்தக் கணக்குக்குக் கிடையாது.

பார்க்கிற வழி: புரொஃபைல் பக்கம், மேல வலதுபக்கம் மூணு கோடு, அக்கவுண்ட்ஸ் சென்டர், பெர்சனல் டீட்டெய்ல்ஸ், அதுக்குள்ள பிறந்த தேதி. தப்பா இருந்தா அங்கேயே மாத்துங்க. அம்மா பேர்லயே ஓடுற கணக்குன்னா அதை அம்மாவுக்கே விட்டுட்டு, பிள்ளைக்கு நிஜமான தேதி போட்டுப் புதுசு திறங்க. 13 முடியாத பிள்ளைக்குக் கணக்கே கூடாதுங்கிறது அந்த நிறுவனத்தோட விதி. நிஜ வயசைப் போட்டா முடக்கிருவாங்க. 7ம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 12 வயசுதான் இருக்கும், அதையும் கூட்டத்துல நேராவே சொல்லிருங்க.

அடுத்தது பெற்றோர் மேற்பார்வை. இங்கதான் ஒரே போன் வீட்டுல இடறும். அம்மா கணக்கும் பிள்ளை கணக்கும் ஒரே போன்ல இருந்தா, பிள்ளை அம்மா கணக்குக்கு மாறி, அனுமதியைத் தானே குடுத்துக்கிடும். அதனால மேற்பார்வைக் கணக்கை அப்பா போன்ல வைங்க. துபாய்ல உட்கார்ந்தே அவரால ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்னு கட்ட முடியும், கடைசி 7 நாள்ல பிள்ளை யார்கிட்ட பேசிச்சுன்னு பார்க்க முடியும். என்ன பேசிச்சுங்கிறது தெரியாது. அது அப்படி இருக்கிறதுதான் நல்லது. 14 வயசுப் பிள்ளையோட பேச்சை எழுத்தெழுத்தா வாசிச்சா, அடுத்த வாரமே உங்களுக்குத் தெரியாம இன்னொரு கணக்கு திறந்திரும்.

வண்ணார்பேட்டை அக்கா:

கணினிக்காரர் இன்ஸ்டா சொல்லிட்டாரு, நான் வாட்ஸ்அப்பும் ஸ்னாப்சாட்டும் சொல்லுதேன்.

வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், பிரைவசி. புரொஃபைல் படம், லாஸ்ட் சீன், குரூப்ஸ் மூணையும் 'மை கான்டாக்ட்ஸ்'னு மாத்துங்க. குரூப்ஸை மாத்தலைன்னா, முன்பின் தெரியாதவன்கூட பிள்ளையை ஒரு குழுவுல சேர்த்துவிட்டுட்டுப் போயிரலாம். கால்ஸ்க்குள்ள போய் அறியாத எண்ணோட அழைப்பை மௌனமாக்குங்க, அழைப்பு பட்டியல்ல மட்டும் தெரியும். கணக்குப் பகுதியில டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு இருக்கும், அதுல 6 இலக்கப் பின் போடுங்க. பிறந்த தேதியையும் வண்டி நம்பரையும் பின்னா வைக்காதீங்க. கடைசியா 'லிங்க்டு டிவைசஸ்'. பிரவுசிங் சென்டர்ல ஏதோ பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்துட்டு அப்படியே வந்திருப்பாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல வீட்டுப் பேச்சு முழுசும் ஓடிக்கிட்டிருக்கும். தெரியாத பேர் இருந்தா தொட்டு லாக் அவுட் பண்ணுங்க.

ஸ்னாப்சாட்ல மேப்பைத் திறந்து கோஸ்ட் மோடு போடணும். போடலைன்னா பிள்ளை எந்தத் தெருவுல நிக்குதுன்னு நட்புப் பட்டியல்ல இருக்கிற ஆளுக்குத் தெரியலாம். 'மறைஞ்சிரும்'னு நம்பித்தான் பிள்ளைக அதுல படம் அனுப்புதுக. இன்னொரு போனால அந்தத் திரையைப் படம் எடுத்தா எதுவும் மறையாது. வாட்ஸ்அப்ல ஒருதடவை மட்டும் பார்க்கிற படத்துக்கும் இதே கதிதான். கூட்டத்துலயே ரெண்டு போனை வச்சுச் செஞ்சு காட்டுங்க. வாயால சொல்றது மண்டையில ஏறாது.

போடுற படத்துல என்ன தெரியுதுன்னும் பார்க்கச் சொல்லுங்க. யூனிஃபார்ம், பேட்ஜ், பின்னால நிக்கிற மினிபஸ்ஸோட ஊர்ப் பலகை. இது மூணும் இருந்தா பள்ளிக்கூடமும் ஊரும் போற நேரமும் தெரிஞ்சுபோகும். படத்தை வாட்ஸ்அப்ல 'டாக்குமென்ட்'டா அனுப்பாதீங்க. சாதாரணமா அனுப்பினா எடுத்த இட விவரம் நீங்கிரும், டாக்குமென்ட்டா அனுப்பினா அது கூடவே போகும்.

வள்ளியூர் பக்கத்து ஆசிரியர்:

பெண்பிள்ளைகளை மட்டும் வச்சுப் பேசி முடிச்சுராதீங்க. நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல பையன்கள் விழுற குழி வேற. சாதிப் பாட்டு, கையில நிறக் கயிறு, அரிவாளோட ரீல்ஸ், அடுத்த தெருவைச் சீண்டுற ஸ்டேட்டஸ். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில மாணவனும் அவன் தங்கையும் வெட்டுப்பட்ட பிறகுதான், பள்ளிகள்ல சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைச்சது. 2024 ஜூன்ல வந்த அறிக்கையில நிறக் கயிறு கட்டக் கூடாதுன்னே இருக்கு.

இதுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. 24 மணி நேரத்துல மறையுற ஸ்டேட்டஸ்தானேன்னு பையன் நினைப்பான். பத்து நிமிஷத்துக்குள்ள அது அடுத்த தெரு குழுவுல இருக்கும். வகுப்புகளுக்கு இடையே பகை மூட்டுறது பாரதிய நியாய சன்ஹிதா 196ம் பிரிவுல குற்றம். 18 ஆகாதவன்னா இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான், ஆனா வழக்கு வழக்குதான். அடிக்கடி இப்படிப்பட்ட ரீல்ஸ் வந்தா அந்த வீடியோவை அழுத்திப் பிடிச்சு 'நாட் இன்ட்ரெஸ்டெட்' போடச் சொல்லுங்க. நின்னு பார்க்கப் பார்க்க இன்னும் நாலு அதே மாதிரி வந்து நிக்கும். பையன் வெறுப்போட பார்த்தானா ரசிச்சுப் பார்த்தானான்னு அந்த மெஷினுக்குத் தெரியாது.

சேரன்மகாதேவி வக்கீல்:

படம் கைமாறியிருந்தா என்னன்னு கேட்டிருக்கீங்க. இதுல வரிசை மாறினா சாட்சி போயிரும், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல, பிள்ளையை அடிக்கவும் வேண்டாம், போனைப் பிடுங்கவும் வேண்டாம். மிரட்டுறவன் நம்பியிருக்கிறதே "வீட்டுல சொன்னா அடி விழும்"ங்கிற பயத்தைத்தான். கோவத்துல சாட்டை அழிக்கிறது, போனை ரீசெட் பண்றது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து பதிவு. எதிராளியோட புரொஃபைல், யூசர்நேம், 'அபௌட் திஸ் அக்கவுண்ட்' பக்கம், மிரட்டின வரிகள் எல்லாத்தையும் தேதியும் நேரமும் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. யூசர்நேமை எப்ப வேணா மாத்திக்கிடலாம், அதனால ஒரு தாள்லயும் எழுதி வைங்க. ஸ்னாப்சாட்ல மட்டும் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எதிராளிக்குத் தகவல் போயிரும். வேற போனால திரையைப் படம் எடுங்க. அதுக்குப் பிறகுதான் ஆப்ல ரிப்போர்ட், அதுக்குப் பிறகு பிளாக். முதல்லயே ரிப்போர்ட் பண்ணினா அந்தக் கணக்கே காணாமப் போகலாம், நம்ம கையில எதுவும் இருக்காது.

பிள்ளையோட அந்தரங்கப் படத்தை "ஆதாரம்"னு சொல்லி உறவுக்காரங்களுக்கோ, டீச்சருக்கோ, ஊர்க் குழுவுக்கோ அனுப்பாதீங்க. நல்ல மனசோட செஞ்சாலும் அது பரப்புறதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவுல முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கு. சிறார் ஆபாசப் படத்தைத் தனியா பார்த்தா குற்றமில்லைன்னு வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு.

படம் பரவாம தடுக்க 'டேக் இட் டவுன்'னு இலவச சேவை இருக்கு. அமெரிக்காவுல காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துறது, பேர் சொல்ல வேண்டியதில்லை. படம் உங்க போனை விட்டு வெளியே போகாது. அதோட கைரேகை மாதிரி ஒரு எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த எண்ணை வச்சுத் தடுக்கும். மூலப்படம் போன்ல இருந்தாத்தான் எண் உருவாகும், அதனால அழிக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சிரணும். படத்தை வெட்டி மாத்தியிருந்தா எண் மாறிரும், அந்தப் படத்துக்குத் தனியாப் போடணும். வாட்ஸ்அப் பேச்சுக்குள்ள இது வேலை செய்யாது.

பணம் கேட்டா குடுக்காதீங்க, குடுத்தா மறுநாளும் கேப்பான். குடுத்தாச்சுன்னா அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிச்சு, பரிவர்த்தனையோட 12 இலக்க யுடிஆர் எண்ணைச் சொல்லுங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுறதுக்குள்ள நிறுத்தப் பார்ப்பாங்க. பிள்ளைக்கு உதவின்னா 1098, எந்நேரமும் இலவசம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துல பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கு, பேர் சொல்லாமலும் அங்க புகார் குடுக்கலாம்.

முக்கூடல்காரி:

வக்கீல் அண்ணாச்சி, இத்தனையும் சொன்னா ஒரு அம்மா கட்டாயம் எந்திரிச்சுக் கேப்பாக: "பொட்டப்பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகவா? ஊரெல்லாம் தெரிஞ்சிருமே?" ஊர்ப் பெரியவுகளை வச்சுப் பேசி முடிச்சிரலாம்னும் சொல்லுவாக.

சேரன்மகாதேவி வக்கீல்:

கூட்டிட்டுப் போக வேண்டியதில்லை. போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற சட்டம்) 24ம் பிரிவுப்படி பிள்ளையோட வாக்குமூலத்தை வீட்டுலயோ அவள் சொல்ற இடத்துலயோதான் எடுக்கணும். முடிஞ்சவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாம. ராத்திரி எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. பேர், முகவரி, படம், பள்ளிக்கூடம், குடும்பம் எதையும் பத்திரிகையில போடக் கூடாதுன்னு 23ம் பிரிவு சொல்லுது.

பேசி முடிக்கிறதுக்கு இதுல இடமே இல்லை. 19ம் பிரிவுப்படி தெரிஞ்ச யாரும் தகவல் குடுத்தே ஆகணும், மறைச்சா 21ம் பிரிவுல தண்டனை இருக்கு. பேசி முடிச்சவன் படத்தை அழிச்சிட்டான்னு யாரால உறுதி சொல்ல முடியும்?

எந்த ஸ்டேஷன்ங்கிற குழப்பமும் வரும். டவுன், பாளை, மேலப்பாளையம் மாநகரக் காவல். உங்க முக்கூடல் மாவட்டக் காவல். ஆலங்குளம் 2019ல இருந்து தென்காசி மாவட்டம். "எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்பினா ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்க. எந்த ஸ்டேஷன்லயும் பதிவு செஞ்சுதான் ஆகணும்.

பாளை கணினிக்காரர்:

அக்கா, கூட்டத்துக்கு அம்மாமாரை மட்டும் கூப்பிடாதீங்க, பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிடுங்க. பாஸ்வேர்டு அதுகளுக்குத்தான் தெரியும். போன்ல ஆப் தமிழ்ல இருந்தா நான் சொன்ன பேர்கள் வேற மாதிரி இருக்கும், அதனால ரெண்டு போன்ல முன்கூட்டியே திறந்து பார்த்து, பேரைக் கரும்பலகையில எழுதிப் போட்டிருங்க. போன்ல சார்ஜ் போட்டுட்டு வரச் சொல்லவும் மறந்துராதீங்க.

முக்கூடல்காரி:

சரி அண்ணாச்சி. 1098, 1930 ரெண்டையும் கூட்டத்துலயே எல்லார் போன்லயும் சேமிக்க வைக்கேன். போன் பிள்ளைகிட்ட இருக்கிற நேரத்துக்கு, அதே எண்களைச் சீட்டுல எழுதி சொளவோட அடியில ஒட்டிக்கிடச் சொல்லுதேன்.