ஹேண்ட்பால் ஆடும் பெண்ணுக்கு அடுத்த வழி என்னங்க?

வணக்கமுங்க. நாங்கள் கோபி பக்கம். எங்கள் அம்மிணி பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலில் இடதுகை ஆட்டக்காரி, அதனால் வலது ஓரம்தான் அவள் இடம். கோலைச் சுற்றியுள்ள 6 மீட்டர் கோட்டுக்கு முன்னால் எம்பி, கால் தரையில் படுவதற்குள் பந்தை எறிந்துவிடுவாள். விரலெல்லாம் பிளாஸ்திரி.

ஹங்கேரி, டென்மார்க்கில் பெண்கள் இதையே முழுநேரத் தொழிலாக ஆடுவதை யூடியூபில் பார்த்து அவளுக்கும் அதே ஆசை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்வே, போலீஸ், அப்புறம் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு. அதற்கு எந்த அளவுப் போட்டிச் சான்றிதழ் வேண்டும்? கோவை, ஈரோட்டில் பெண்கள் அணியை உருப்படியாக நடத்தும் கல்லூரி எது? முழங்கால் வேறு அடிக்கடி வீங்குகிறது. நல்ல பிசியோ தெரிந்தாலும் சொல்லுங்க.

“பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்” என்று மட்டும் கமெண்ட் போட வேண்டாமுங்க. அதைச் சொல்ல வீட்டிலேயே அம்மாயி இருக்கிறார்.